ஆண்டு விழாவும் நான்கு கார்ட்லெஸ் மைக்கும்

போன வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி ஆண்டு விழா முடிந்தது. இரண்டரை மணி நேரம் நான்கு கார்ட்லெஸ் மைக்கும் ஓடின. பிள்ளைகள் பேசியதில் ஒரு சொல்கூட அறுபடவில்லை. இந்த நிம்மதிக்கு மூன்று மாதமும், சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளுக்கு மூன்று நடையும், என் தற்செயல் விடுப்பில் இரண்டு நாளும் ஆயின. "மைக்கை நீங்க பாத்துக்குங்க டீச்சர்" என்று யாரிடமாவது பொறுப்பை ஒப்படைத்திருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் தமிழாசிரியை. மின்னணுவியல் படித்தவள் இல்லை. அதனால்தான் நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது.

போன வருடம் வாடகை மைக். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வேலு நாச்சியார் வேடத்தில் நான்கு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். ஒரு மாதம் ராத்திரி பகலாக மனப்பாடம் செய்தவள். முதல் நிமிடத்திலேயே மைக் அறுந்தது, திரும்ப வந்தது, திரும்ப அறுந்தது. மூன்றாவது தடவை அவள் பேச்சை நிறுத்திவிட்டு மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. இந்த வருடம் முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டிக் கொடுத்ததும், சொந்தமாக ஒரு நல்ல செட் வாங்கிவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான்.

வாங்குவது ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிட்டது. கைமைக் இரண்டு, காலர் மைக் இரண்டு, நான்குக்கும் சேர்த்து ஒரே ரிசீவர், அதாவது மைக் அனுப்பும் அலையைப் பிடிக்கிற பெட்டி. பெட்டியின் பின்னால் நான்கு ஆன்டெனா. "நாலு ஆன்டெனா இருக்கு, சிக்னல் எங்கேயும் போகாது" என்றார் கடைக்காரர். நம்பினேன். காலி வகுப்பறையில் போட்டுப் பார்த்தபோது அருமையாகத்தான் பாடியது.

குடியரசு தினத்தன்று மைதானத்தில் வைத்தோம். கொடியேற்றும்வரை சரி. பெற்றோர்கள் வந்து உட்கார உட்கார 'புஸ்ஸ்' என்று சத்தம் கிளம்பியது. நான்கு மைக்கையும் அணைத்துப் பார்த்தேன். அப்படியும் ரிசீவரில் சிக்னல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. உங்களிடம் ஒரு செட் இருந்தால் இன்றைக்கே இதைப் பாருங்கள்: மைக் எல்லாம் அணைந்திருக்கும்போது ஆர்.எஃப். என்று போட்டிருக்கும் அந்தச் சிக்னல் விளக்கு எரிந்தால், அந்த அலைவரிசையில் வேறு யாரோ இருக்கிறார்கள். பேட்டரி மாற்றியோ கேபிள் மாற்றியோ அது தீராது.

கடைக்குப் போன் செய்தேன். ரிசீவரின் பின்பக்கம் 'ஸ்க்வெல்ச்' என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை ஏற்றி வையுங்கள் என்றார்கள். ஏற்றினேன், இரைச்சல் நின்றது. ஆனால் மைக்கோடு பதினைந்து அடி தள்ளிப் போனால் குரலும் நின்றது. ஸ்க்வெல்ச் என்பது ஒரு வாசல்படி மாதிரி. இந்த அளவுக்குக் கீழான சிக்னலை உள்ளே விடாதே என்று ரிசீவருக்குச் சொல்வது. படியை உயர்த்தினால் இரைச்சலோடு நம் மைக்கும் வெளியே நின்றுவிடும். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை.

விடுப்பு போட்டுவிட்டு செட்டைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போனேன். கடையில் புது பேட்டரி போட்டு, நான்கடி தூரத்தில் நின்று "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார்கள். நன்றாகக் கேட்டது. "செட்ல ஒண்ணும் இல்ல மேடம், உங்க எடத்துலதான் ஏதோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பூங்கா நிலையத்தில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விடை கிடைத்தது எங்கள் ஊர் மைக்செட் அண்ணனிடம். திருவிழாக்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர். பெட்டியைத் திருப்பிப் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார். இரண்டு மைக் 730 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, இரண்டு 770-ஐ ஒட்டி. "டீச்சர், இது பழைய காலத்து அலைவரிசை. இப்ப இதுல போன் ஓடுது" என்றார். 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி 2022 ஏலத்தில் கைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. அதே வருடம் அக்டோபரில் 5ஜி வந்தது. அந்தப் பகுதியில் 703 முதல் 748 வரை நம் போன்கள் கோபுரத்துக்குப் பேசும் பாதை, 758 முதல் 803 வரை கோபுரம் நம் போன்களுக்குப் பேசும் பாதை. எங்கள் செட்டின் நான்கு மைக்கும் இந்த இரண்டு பாதைகளுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தன, பாதைக்கு இரண்டாக. பள்ளிக்குப் பின்தெருவிலேயே கோபுரம். கூட்டம் சேரச் சேர இரைச்சல் கூடியதற்கும் அதுதான் காரணம்: ஒவ்வொருவர் பையிலும் ஒரு போன். காலி வகுப்பறையில் வைத்துப் பார்த்தது எதற்கும் ஆகவில்லை.

ஆன்டெனாவைப் பற்றியும் அவர்தான் சொன்னார். நான்கு மைக்குக்கு நான்கு ஆன்டெனா என்றால் ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான். மேடைக்கு வேண்டியது டைவர்சிட்டி ரிசீவர், அதாவது ஒவ்வொரு மைக்கையும் இரண்டு ஆன்டெனா கேட்பது. தகரக் கூரையிலும் இரும்புத் தூணிலும் அலை பட்டுத் திரும்பி வரும்போது, சில இடங்களில் நேர் அலையும் திரும்பிய அலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். அரை அடி நகர்ந்தால் திரும்பக் கிடைக்கும். போன வருடம் என் பிள்ளைக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்று இழந்ததை மற்றது பிடித்துக்கொள்ளும்.

மாற்றி வாங்க மூன்றாவது நடை. பில்லில் கடை முத்திரை இல்லை என்று அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். முத்திரை குத்தாமல் கொடுத்ததே அவர்கள்தான். நல்லவேளை, பணம் அனுப்பிய ரசீது போனில் இருந்தது, பெட்டியின் சீரியல் எண்ணும் பில்லில் இருந்தது. வாங்கும் அன்றைக்கே இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள். கூடுதல் பணம் கட்டி, 500 மெகாஹெர்ட்ஸ்களில் ஓடுகிற, அலைவரிசையை நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய, ஒவ்வொன்றும் இரண்டு மைக் எடுக்கிற டைவர்சிட்டி ரிசீவர் இரண்டு வாங்கி வந்தேன்.

இனி எல்லாம் சுகம் என்று நினைத்தேன். அலைவரிசையை நானே வைத்தேன்: 550, 551, 552, 553. வரிசையாக, நினைவில் நிற்கிற மாதிரி. ஒவ்வொரு மைக்காகப் பேசினால் தெளிவு. நான்கையும் சேர்த்துப் போட்டதும் விசில் மாதிரி ஒரு சத்தம், ஒருவர் குரலுக்குள் இன்னொருவர் சத்தம். இதை எனக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவர் எங்கள் இயற்பியல் சார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மைக் ஓடினால், அவை கலந்து புது அலைகளைப் பிறப்பிக்கும். ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால் அந்த அலை எங்கே விழும் என்று தெரியும். 551-ன் இரு மடங்கு 1102, அதில் 550 போனால் 552. என் மூன்றாவது மைக் இருக்கிற இடம்! சம இடைவெளியில் வைத்தால் இப்படித்தான் ஒன்று மற்றதன் தலையில் விழும். இடைவெளிகள் ஒன்றுபோல இருக்கக் கூடாது. இந்தக் கணக்கெல்லாம் போட நேரமில்லாதவர்களுக்காகத்தான் ரிசீவரில் 'குரூப்', 'சானல்' என்று கொடுத்திருக்கிறார்கள். ஒரு குரூப்பில் உள்ள சானல்கள் சேர்ந்து ஓடும்படி கணக்குப் போட்டு வைக்கப்பட்டவை. இரண்டு ரிசீவரிலும் ஒரே குரூப், நான்கு மைக்குக்கும் வேறு வேறு சானல். அவ்வளவு எளிது. கையேட்டின் எட்டாவது பக்கத்தில் இருந்தது. நான் முதலில் அதைப் படித்திருக்க வேண்டும்.

சானல் வைத்தபின் சிங்க், அதாவது ரிசீவரில் வைத்த சானலை மைக்குக்கும் ஏற்றுவது. மைக்கில் இருக்கும் சின்னக் கறுப்புச் சன்னலை ரிசீவரின் சன்னலுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு மைக்கை சிங்க் செய்யும்போது மற்ற மூன்றும் அணைந்திருக்கட்டும். எனக்கு இரண்டு மைக் ஒரே சானலில் ஒட்டிக்கொண்டு, அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை போனது.

ஒத்திகை நன்றாக நடந்தது. விழாவுக்கு முந்தின நாள் எல்.இ.டி. திரை வந்து இறங்கியது. அதை எரியவிட்டதும் இரண்டு மைக்கின் தூரம் பாதியாகக் குறைந்தது. ரிசீவர்களை நான் மிக்சரோடு (எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) திரைக்குப் பின்னால் வைத்திருந்தேன். அந்தத் திரை தானே ஒரு ரேடியோ இரைச்சல் பெட்டி. ஆகவே அலைவரிசை ஸ்கேன், அதாவது காலியான இடத்தை ரிசீவரே தேடுவது, செய்யும்போது நம் மைக்குகள் அணைந்திருக்க வேண்டும், ஆனால் திரை, விளக்கு, வைஃபை என்று விழாவில் ஓடப்போவது எல்லாம் எரிந்துகொண்டிருக்க வேண்டும். திரும்ப ஸ்கேன் செய்து, குரூப்பை மாற்றி, ரிசீவர்களை மேடையின் முன்பக்க ஓரத்தில் ஒரு மரமேசைமேல் தலை உயரத்துக்குத் தூக்கி வைத்தோம். ஆன்டெனாக்களை 'வி' மாதிரி விரித்தோம். இரும்பு பீரோ மேல் வைக்க ஒரு சார் முனைந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ரிசீவரின் கண்ணுக்கு மைக் தெரிய வேண்டும். மனித உடம்பில் தண்ணீர்தானே அதிகம், அது இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் தாழ்வாக வைத்தால் நாலு பேர் குறுக்கே நின்றாலே போதும், சிக்னல் போய்விடும்.

மேசை நகர்ந்ததில் மிக்சருக்குத் தூரம் கூடிவிட்டது. பி-38 கேபிளை (ஒற்றைக் குச்சி மாதிரி பின் வைத்தது) நீட்டிப் பார்த்தோம், 'ம்ம்ம்' என்று கரண்ட் முனகல். மைக்செட் அண்ணன் இரண்டு பக்கமும் கேனன் பின் (மூன்று முள் உள்ளது) வைத்த கேபிள்களைக் கொண்டுவந்து போட்டார், முனகல் போயிற்று. அப்புறம் குரல் கரகரத்தது. ரிசீவரின் பின்னால் 'மைக்', 'லைன்' என்று ஒரு ஸ்விட்ச், அது லைனில், அதாவது பலமான சிக்னலில் இருந்தது, நாங்கள் சொருகியது மிக்சரின் மைக் வாசலில். மைக்குக்குத் தள்ளியதும் சரியாகிவிட்டது.

பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்று. கைமைக்கின் அடிப்பகுதியைப் பொத்திப் பிடிக்கக் கூடாது, ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. மேலே வலையைப் பொத்தினால் ஸ்பீக்கர் ஊளையிடும். நடுவில் வண்ண டேப் சுற்றி, "விரல் இந்த டேப்பில்" என்றேன். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மைக்குக்கு ஒரு நிறம், மிக்சரில் அதே நிறத்தில் ஒரு துண்டு. மைக் கைமாறும்போது இது எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. காலர் மைக்கில் அட்டிகையும் ஜரிகையும் உரசி இடி மாதிரி கேட்டது. நகையை ஒரு பக்கம் தள்ளி, மைக்கை மேலே ஏற்றிக் குத்தினோம். காலர் மைக்கோடு வரும் இடுப்புப் பெட்டியின் ஆன்டெனா வயர் மடங்காமல் தொங்க வேண்டும்.

பேட்டரிக்குக் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். பெட்டிக்கடையில் கிடைத்த சாதா பேட்டரி ஒத்திகையிலேயே இரண்டு மணி நேரத்தில் படுத்துவிட்டது. விழாவுக்கு ஆல்கலைன் போட்டேன், இடைவேளையில் பாதி இருக்கும்போதே மாற்றினேன். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட் என்பதால் முழுசாக ஏற்றியிருந்தாலும் மைக் கொஞ்சம்தான் இருக்கிறது என்று காட்டலாம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மைக்கை அணைப்பதற்கு முன் மிக்சரில் அந்தச் சானலை ம்யூட் செய்யுங்கள், இல்லாவிட்டால் 'டப்' என்று ஸ்பீக்கரில் அடிக்கும். நாடகம் முடிந்து உள்ளே வரும் பிள்ளையின் காலர் மைக்கையும் அந்த நொடியே ம்யூட் செய்ய ஒரு பத்தாம் வகுப்புப் பையனை மிக்சர் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தேன். கையில் நிகழ்ச்சி வரிசை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிறம். ஒன்றைக்கூட அவன் தவறவிடவில்லை.

போன வருடம் பேச்சை நிறுத்திவிட்டு நின்ற அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்த வருடமும் வேலு நாச்சியார்தான் வேண்டும் என்று அவளே கேட்டாள். மேடையேறும் முன் என்னிடம் வந்து, "மிஸ், எனக்குப் பச்சை டேப்தானே?" என்றாள். ஆமாம் என்று மைக்கைக் கொடுத்தேன். நான் மேடை ஓரத்தில் ரிசீவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவள் நடக்க நடக்க, இரண்டு ஆன்டெனாவுக்கும் உரிய ஏ விளக்கும் பி விளக்கும் மாறி மாறி எரிந்தன, இரண்டும் ஒருசேர அணையவே இல்லை. நான்கு நிமிடமும் அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவளை நான் சரியாகப் பார்க்கவில்லை. குரலை மட்டும் முழுசாகக் கேட்டேன்.