பெர்லின் ஞாயிற்றுக்கிழமை: முற்றத்திலிருந்து ஏரிக்கரைக்கு

நூறு வருடத்துக்கு முந்தைய பெர்லினைப் பார்க்க எஸ்7 மின்ரயில் போதும். ஹாக்கெஷர் மார்க்ட்டில் ஏறி வான்ஸே ஏரிக்குப் பக்கத்து நிலையமான நிக்கோலாஸேயில் இறங்குங்கள். இரண்டும் ஏபி கட்டண மண்டலத்துக்குள்தான், ஒரே டிக்கெட். தாள் டிக்கெட்டை நடைமேடைப் பெட்டியில் முத்திரை குத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். குத்தாமல் மாட்டினால் 60 யூரோ அபராதம்.

ரயில் ஏறுமுன் ஹாக்கெஷ முற்றங்களைப் பாருங்கள்; ஒன்றோடொன்று இணைந்த முற்றங்கள் கொண்ட கட்டடத் தொகுதி அது. 1906–07-ல் கட்டியவை, மொத்தம் எட்டு. கட்டடக் கலைஞர் ஆகஸ்ட் எண்டெல் வடிவமைத்த, வண்ணச் செங்கல் பளபளக்கும் முதல் முற்றத்தோடு பலர் திரும்பிவிடுகிறார்கள். கடைசிவரை போனால்தான் முன்னே கேளிக்கையும் வியாபாரமும், பின்னே வீடுகளும் என்று பிரித்த ஒழுங்கு புரியும்.

இது வசதியானவர்களின் கட்டடம். தொழிலாளிகள் இருந்த இடமே வேறு. 1853 கட்டட விதிப்படி முற்றம் 5.34 மீட்டர் நீள அகலம் இருந்தால் போதும். தீயணைப்பு வண்டி திரும்புவதற்கான இடம் அது, வெளிச்சத்துக்கானது அல்ல. சுற்றிலும் அடுக்குமாடி எழும்பியதும் கீழ்வீடுகள் இருண்டன. 1887-ல் விதி மாறியும் பழைய வீடுகள் அப்படியே நின்றன. வாடகை கட்ட முடியாமல், ஒரு படுக்கையை மட்டும் வெளியாளுக்கு வாடகைக்கு விட்ட குடும்பங்கள் ஏராளம்.

சனிக்கிழமையும் வேலை. எட்டு மணி நேர வேலைநாள் 1918 நவம்பரில்தான் வந்தது. அதனால் ஞாயிறு விடிந்தால் குடும்பமே ஊருக்கு வெளியே கிளம்பும். ‘இங்கே குடும்பங்கள் காப்பி போட்டுக்கொள்ளலாம்’ என்று தோட்ட உணவகங்களில் பலகை தொங்கும். காப்பித்தூளும் கேக்கும் வீட்டிலிருந்து வரும். வெந்நீருக்கும் கோப்பைக்கும் மட்டும் காசு. கையில் காசில்லாதவர்களை மரத்தடியில் உட்காரவைத்த இந்த ஏற்பாடு அருமையானது.

ஏரியில் குளிக்க மட்டும் தடை, மீறினால் அபராதம். 1907 மே 8 அன்று வான்ஸே கரையில் சுமார் 200 மீட்டருக்குத் தடையை நீக்கினார்கள். கூட்டம் பெருகிக்கொண்டே போனது. இன்று கரையில் நிற்கும் மஞ்சள் செங்கல் கட்டடங்கள் 1929–30-ல் கட்டடக் கலைஞர்கள் மார்ட்டின் வாக்னரும் ரிச்சர்ட் எர்மிஷும் எழுப்பியவை. கரையின் நீளம் இப்போது 1,275 மீட்டர். மணல் பால்டிக் கடற்கரையிலிருந்து வந்தது.

நிக்கோலாஸே நிலையத்திலிருந்து காட்டுவழியே இருபது நிமிட நடை. கரையோரம் ஆழம் குறைவு, குழந்தைகளுக்கு ஏற்றது. நீந்த நினைப்பவர் கொஞ்ச தூரம் உள்ளே நடக்க வேண்டும். கரை மேற்கு பார்த்தது, பிற்பகல் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். கூரை வைத்த கூடை நாற்காலி வாடகைக்கு உண்டு. வெயில் நாளில் காலையிலேயே போய் எடுத்துவிடுங்கள்.