முன்தீர்ப்பு இல்லை என்பதால் மறுக்கப்படும் நீதி

அமெரிக்காவில் மாநில அல்லது உள்ளாட்சி அலுவலர் ஒருவரால் தமது அரசியலமைப்பு உரிமை பறிபோனதாகக் கருதும் எவரும் அந்த அலுவலர்மீதே வழக்குத் தொடுத்து இழப்பீடு கேட்கலாம். உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கறுப்பின மக்கள்மீது நடத்திய வன்முறையை உள்ளூர் அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்ததால், 1871இல் இயற்றப்பட்ட சட்டம் திறந்துவிட்ட வழி அது. அந்தச் சட்டத்தின் வாசகத்தில் அதிகாரிகளுக்கு விலக்கு எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றமே 1967இல் நல்லெண்ணத்துடன் நடந்த காவலர்களுக்கு ஒரு பாதுகாப்பை வழங்கியது. 1982இல் நல்லெண்ணம் என்ற அளவுகோலையும் கைவிட்டு, மீறப்பட்ட உரிமை முன்பே 'தெளிவாக நிலைநாட்டப்பட்டதாக' இருந்தாலொழிய அதிகாரி பொறுப்பாக மாட்டார் என்றது. குவாலிஃபைட் இம்யூனிட்டி எனப்படும் இந்த விதியால், ஏறக்குறைய அதே சூழ்நிலையில் தீர்ப்பான பழைய வழக்கு ஒன்றைத் தேடிக் காட்டும் சுமை பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் தலையில் விழுகிறது.

நாஷ்வில் நகரில் 2014இல் நடந்ததைப் பாருங்கள். திருட்டுச் சந்தேகத்தில் துரத்தப்பட்ட ஒருவர் ஒரு வீட்டின் நிலவறையில் ஒளிந்திருந்தார். தான் கைகளை உயர்த்தித் தரையில் உட்கார்ந்திருந்தபோது காவலர்கள் நாயை ஏவிவிட்டதாகவும் அது தன் அக்குளைக் கடித்ததாகவும் அவர் வழக்குத் தொடுத்தார். சரணடைந்தவர்மீது நாயை ஏவுவது தவறு என்ற தீர்ப்பு அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்தப் பழைய வழக்கில் சரணடைந்தவர் படுத்திருந்தார், இவரோ உட்கார்ந்திருந்தார் என்று வேறுபாடு கண்டு, 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. இதை நீதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் சோதனையின்போது காவலர்கள் மொத்தம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள பணத்தையும் அரிய நாணயங்களையும் திருடினார்கள் என்ற வழக்கும் 2019இல் இப்படியே முடிந்தது.

இந்த விலக்கு இல்லாவிட்டால் காவலர்கள் சொந்தச் சொத்தை இழப்பார்கள் என்று வாதிடுகிறார்கள். பெரும்பாலான வழக்குகளில் இழப்பீட்டைக் கட்டுவது நகர நிர்வாகமோ காப்பீட்டு நிறுவனமோதான் என்பதால் இந்த வாதம் எனக்கு வலுவாகத் தோன்றவில்லை.

காவலர் ஒருவரால் ஜார்ஜ் ஃப்ளாய்டு கொல்லப்பட்ட பின் 2020இல் கொலராடோவும், 2021இல் நியூ மெக்சிகோவும், மாநிலச் சட்டப்படி தொடுக்கும் உரிமை வழக்குகளில் குவாலிஃபைட் இம்யூனிட்டியைக் காரணம் காட்ட முடியாதபடி செய்தன. இதே நோக்கிலான கூட்டாட்சி அளவிலான மசோதா செனட்டில் தேங்கிவிட்டது. உரிமை மீறப்பட்டதா என்ற கேள்வியைத் தொடாமலேயே, முன்தீர்ப்பு இல்லை என்று மட்டும் சொல்லி நீதிபதிகள் வழக்கை முடிக்க 2009இல் உச்ச நீதிமன்றம் இடமளித்தது. அதனால் அடுத்து வருபவருக்கும் காட்ட முன்தீர்ப்பு கிடைப்பதில்லை. விதியை முழுவதும் நீக்க மனமில்லாவிட்டாலும், அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று 2001இல் வகுத்த முறையையாவது நீதிமன்றம் மீட்டெடுக்க வேண்டும்.