வைகாசியில் பனிக்கட்டி ஹொக்கி

சிறுபோக வயல்களுக்கு இரணைமடுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் மே மாத நடுப்பகுதியில்தான் பனிக்கட்டி ஹொக்கிக்கான உலக சம்பியன் போட்டி ஆண்டுதோறும் ஐரோப்பாவில் தொடங்குகிறது. வன்னியில் இந்தப் போட்டிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வீடுகளின் பிள்ளைகள் சூரிச்சிலும் பேர்ணிலும் டொரன்டோவிலும் ஒஸ்லோவிலும் வளர்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அண்ணனின் மகன், அதாவது எனது பெறாமகன், பேர்ணுக்கு அருகில் பிறந்து வளர்ந்தவன், சுவிஸ் அணி விளையாடும் நாட்களில் "சித்தப்பா, பாக்கிறீங்களோ?" என்று அவன் அனுப்பும் குரல்பதிவுகளே என்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவந்தன.

கனடாவிலுள்ள எங்கள் உறவினர்கள் இந்தப் போட்டியைப் பெரிதாக மதிப்பதில்லை. வட அமெரிக்காவின் தொழில்முறைக் கழகங்கள் ஸ்டான்லி கிண்ணத்துக்காக மோதும் அதே வாரங்களில் இது நடப்பதால், அங்கே கழகம் தோற்று வெளியேறிய வீரர்கள் மட்டுமே நாட்டுக்கு விளையாட வருகிறார்கள், ஆகவே இது தோற்றவர்களின் கிண்ணம் என்பது அவர்களது வாதம். அதில் உண்மை உண்டு; ஆனால் பாதி உண்மைதான். 2025இல் சிட்னி குரொஸ்பி, நேதன் மக்கினன் என்ற பெரும் நட்சத்திரங்கள் விளையாடிய கனடா அணியே, டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் நடந்த காலிறுதியில், கடைசி மூன்று நிமிடங்களுக்குள் இரண்டு கோல்களை வாங்கி டென்மார்க்கிடம் 2–1 எனத் தோற்று வீடு திரும்பியது.

கனடா இந்தப் போட்டியை அலட்சியமாகப் பார்ப்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஒலிம்பிக்கிலிருந்து தனியாகப் பிரிந்து 1930இல் முதன்முறையாக நடத்தப்பட்டபோது, பிரான்சின் சமோனி நகரில் வெயில் ஏறி இயற்கைப் பனித்தளம் உருகிவிட்டதால், எஞ்சிய ஆட்டங்களை பேர்லினுக்கும் வியன்னாவுக்கும் மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே இறுதியாட்டத்தில் மட்டும் இறங்கி, ஜேர்மனியை 6–1 என வென்று பட்டத்தை எடுத்துச் சென்றது டொரன்டோவின் ஒரு கழக அணி. அதன் பின்னரும் பல ஆண்டுகளுக்குக் கனடா தேசிய அணி என்று ஒன்றைத் திரட்டாமல், ஏதாவதொரு கழகத்தையே அனுப்பிக்கொண்டிருந்தது. 1954இல் அப்படிப் போன அணி, இன்று எங்கள் சனம் நிறைந்திருக்கும் ஸ்காபரோவுக்கு அயலிலுள்ள ஈஸ்ட் யோர்க்கைச் சேர்ந்தது; முதன்முறையாகக் களமிறங்கிய சோவியத் ஒன்றியத்திடம் அது 7–2 எனத் தோற்றது. 1961இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் டிரெயில் என்ற சிறு நகரத்து அணி பட்டம் வென்ற பிறகு, அடுத்த தங்கத்துக்குக் கனடா 1994 வரை காத்திருந்தது. இடையில், தொழில்முறை வீரர்களைச் சேர்க்க அனுமதி கிடைக்காத கோபத்தில், 1970 முதல் 1976 வரை போட்டிப் பக்கமே வரவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் சோவியத் வீரர்கள்; 1963 முதல் 1971 வரை ஒன்பது பட்டங்கள் தொடர்ச்சியாக அவர்களுடையவை. அவற்றுள் 1969ஆம் ஆண்டுப் பட்டம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. முந்திய ஆவணியில் சோவியத் தாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்திருந்தன. பிராக்கில் நடக்கவிருந்த போட்டி அதனால் ஸ்டொக்ஹோமுக்குப் போயிற்று. அங்கே செக்கோஸ்லோவாக்கியா சோவியத் அணியை 2–0, 4–3 என இருமுறை வென்றது. வெற்றிச் செய்தி கேட்டுப் பிராக் வீதிகளில் திரண்ட மக்கள் சோவியத் விமான நிறுவனத்தின் அலுவலகத்தை நொறுக்கினார்கள். சில வாரங்களுக்குள், சீர்திருத்தங்களை முன்னெடுத்த செக்கோஸ்லோவாக்கியத் தலைவர் டுப்செக் பதவியிழந்தார். புள்ளிக் கணக்கில் தங்கம் சோவியத்துக்கே போனது, செக்கோஸ்லோவாக்கியாவுக்குக் கிடைத்தது வெண்கலம். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்பவர்கள் இந்த ஆண்டை எந்தப் பெட்டிக்குள் வைப்பார்களோ தெரியாது.

இன்றைய அமைப்பு எளிமையானது. முதற் பிரிவில் பதினாறு நாடுகள், எட்டெட்டாக இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் நால்வர் காலிறுதிக்குச் செல்ல, கடைசியில் வருபவர் அடுத்த ஆண்டு கீழ்ப்பிரிவுக்கு இறங்குவார். கீழே பல படிகள் இருக்கின்றன. எங்கள் ஊர்ப் பெடியள் வேலைக்குப் போகும் குவைத்தும் ஐக்கிய அரபு இராச்சியமும்கூட அவற்றில் விளையாடியிருக்கின்றன. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் ஒலிம்பிக்கில் சறுக்கிய சிறிய நாடு அடுத்த வாய்ப்புக்குள் ஒரு தலைமுறை வீரர்களை இழந்துவிடும். இங்கேயோ அடுத்த மே மாதமே மீண்டும் பெரியவர்களுடன் மோதலாம். எங்கள் விளையாட்டுக் கழகங்கள் நடத்தும் வருடாந்த உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில், நட்சத்திர வீரன் கொழும்பிலோ வெளிநாட்டிலோ நின்றுவிட்ட ஆண்டில் புதிய பெடியன் ஒருவன் தலையெடுப்பதைப் போலவே, நட்சத்திரங்கள் வராத இடத்தில்தான் இந்தச் சிறிய நாடுகள் வளர்ந்தன என்பது என் எண்ணம். 2023இல் லத்வியா அமெரிக்காவை 4–3 என மேலதிக நேரத்தில் வென்று வெண்கலம் பெற்றபோது, அந்நாட்டு நாடாளுமன்றம் இரவோடிரவாகக் கூடி மறுநாளைப் பொது விடுமுறையாக அறிவித்தது.

சுவிஸின் கதை அவ்வளவு இனிப்பானதல்ல. 2013இல் எல்லா ஆட்டங்களையும் வென்று இறுதிக்கு வந்து சுவீடனிடம் 5–1. 2018இல் அதே சுவீடனிடம் பெனால்டி அடிகளில். 2024இல் பிராக்கில் செக் அணியிடம் 2–0. 2025இல் ஸ்டொக்ஹோமில் அமெரிக்காவிடம் 1–0. இந்த நான்கு இறுதியாட்டங்களிலும் வெள்ளிதான். கடைசியாகச் சொன்ன ஆட்டம் எங்கள் நேரப்படி நள்ளிரவை அண்டித் தொடங்கியது. அறுபது நிமிடங்களிலும் கோல் இல்லை. முப்பத்தேழு வயதான சுவிஸ் கோல் காப்பாளர் லியனார்டோ ஜெனோனி அந்தத் தொடரின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானவர். மேலதிக நேரம் இரண்டு நிமிடங்களைத் தாண்டியதும் அமெரிக்காவின் டேஜ் தொம்சன் அடித்த பக், அதாவது பந்துக்குப் பதிலான றப்பர் வட்டு, வலைக்குள் போனது. ஒலிம்பிக் வெற்றியையே உலகப் பட்டமாகவும் எண்ணிய 1960ஆம் ஆண்டைத் தவிர்த்தால், 1933க்குப் பின் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதற் பட்டம் அது.

அதன் பிறகு எனக்கும் பெறாமகனுக்கும் இடையே ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அறுபது நிமிடங்கள் ஐந்துக்கு ஐந்தாக விளையாடியவர்களை மேலதிக நேரத்தில் மூன்றுக்கு மூன்றாக இறக்குவது, ஒழுங்கான தற்காப்பால் இறுதிவரை வந்த அணிக்குப் பாதகம் என்பது என் கட்சி. வெறும் பனித்தளம் அகன்று கிடக்க, வேகமான தனி வீரனிடமே ஆட்டம் போய்விடுகிறது. "அப்ப 2018 மாதிரிப் பெனால்டியில தோக்கிறது நல்லமோ சித்தப்பா?" என்று அவன் கேட்கிறான். இல்லைத்தான், ஐந்துக்கு ஐந்தாகவே விடியும்வரை விளையாடட்டும் என்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டாமா என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறான்.