நுண்ணுயிரியல் எடுக்கலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு

தாராளமாக எடுங்கள். ஆனால் பொறுமை வேண்டும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா நல்ல வளர்ப்பு ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மாலையில் வளர்ப்புத் தட்டில் பூசி வைத்தால் காலையில் காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) தெரியும். காசநோய்க் கிருமிக்கோ ஒருமுறை பிரியவே கிட்டத்தட்ட 20 மணி நேரம். கண்ணுக்குத் தெரியும் காலனிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நடுவில் பூஞ்சை விழுந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

அதனால் முதலாண்டிலேயே கையைப் பழக்குங்கள். பர்னர் சுடருக்கு அருகிலேயே வேலை செய்யுங்கள், தட்டின் மூடியை லேசாக மட்டும் திறங்கள். பெயரை அடித்தட்டில் எழுதுங்கள், மூடி மாறிப்போகும்!

அப்புறம், புள்ளியியலும் கொஞ்சம் நிரலெழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். மரபணு வரிசைத் தரவைக் கையாளத் தெரிந்தால் ஆய்வில் பல கதவுகள் திறக்கும். வேலை மருத்துவமனையில் மட்டுமல்ல, மருந்து, உணவு, குடிநீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று எங்கும் உண்டு. சேருமுன் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் ஒரு முழுநாள் கூடவே இருந்து பாருங்கள்.