மண்டிக் கணக்கும் மஞ்சள் தாளும்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் முதலாளி அண்ணாச்சி நிற்பது என்று முடிவானதும், கட்சிக்காரர்கள் கொடி, போஸ்டர் என்று அலைந்தார்கள். என் மேசைக்குத் தேர்தல் செலவுப் பதிவேடு வந்தது.

அதற்கும் முன்னால் வக்கீல் வந்து கேட்ட முதல் கேள்வி, அரசு விடுதிகளுக்குப் பருப்பு சப்ளை செய்கிறோமே, அந்த ஒப்பந்தம் என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான். மாநில அரசோடு அப்படி ஒரு ஒப்பந்தம் நடப்பில் இருந்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவின்படி எம்.எல்.ஏ. ஆகவே முடியாது. சரக்கு முழுவதையும் இறக்கிவிட்டு, பில் பணம் மட்டும் வரவேண்டியிருந்தால் பாதகமில்லை. சட்டம் எழுதியவருக்கு அரசு பாக்கி வசூலித்த அனுபவம் இருந்திருக்கும் போல. மிச்ச லோடை அனுப்பி ஒப்பந்தத்தை முடித்தோம். எம்.எல்.ஏ. ஆனால் வியாபாரம் பெருகும் என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது. பேரேட்டில் ஒரு வாடிக்கை குறைந்திருந்தது.

அப்புறம் பதிவேடு. அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு ரோஸ், வங்கிக்கு மஞ்சள். வேட்புமனுவுக்கு ஒரு நாள் முன்பாவது தனி வங்கிக் கணக்குத் தொடங்கியாக வேண்டும். ஒரே ஆளுக்கு ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் தரக்கூடாது. லட்சக்கணக்கில் வரவு செலவு எழுதிய கை எனக்கு; ஆனாலும் அந்த டீக்கணக்குதான் பெரும்பாடு. டீ, பந்தல், வாடகை நாற்காலி எல்லாவற்றுக்கும் மாவட்டத்தில் விலைப்பட்டியல் உண்டு. தெரிந்த கடை, குறைத்துக் கொடுத்தார் என்றெல்லாம் சொன்னால் எடுபடாது. கூட்டத்தை வீடியோ எடுத்து நாற்காலியை எண்ணி, தேர்தல் அதிகாரிகளும் தனியாக ஒரு நிழல் பதிவேடு எழுதுவார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அந்தத் தேர்தலில் மொத்தச் செலவு வரம்பு 30.80 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்காவிட்டால் மூன்று ஆண்டு தகுதிநீக்கம் வரை போகலாம். தோற்றவருக்கும் இதே விதிதான்.

அண்ணாச்சி ஜெயித்தார். சரி, இனி நிம்மதி என்று நினைத்தால், மண்டி வாசலில் மனுக்காரர்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதே இல்லை. அவர் பரிந்துரைக் கடிதம் தரலாம். மதிப்பீடு, கலெக்டரின் நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்துதான் வேலை தொடங்கும்.

போனிலேயே லோடு பேசி முடித்துப் பழகியவருக்கு இது தாங்கவில்லை.

“சரக்கும் இருக்கு, பணமும் இருக்கு, வாங்குறவன் வாசல்ல நிக்கிறான். லோடு ஏத்த விடமாட்டேங்கிறாங்களேப்பா!” என்பார்.

ஒரு ரேஷன் கடைக் கட்டடம் இப்படி இழுத்தபோது, கைக்காசு போட்டே கட்டிவிடலாமா என்று கேட்டார். இடம் அரசாங்கத்துடையது, அதற்கும் தனியாக அனுமதி வாங்க வேண்டும் அண்ணாச்சி என்றேன்.

“அப்ப அந்த லெட்டரையே அடிச்சுக் கொண்டா” என்றார்.