நிறுத்தினா நிக்குமா?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியா பஸ்ல போனவங்களுக்கு கரண்டு எடுக்குற அந்த காத்தாடிக் கூட்டம் தெரியும். அங்கருந்து கிழக்க ஒரு மணி நேரத்துக்குள்ள கூடங்குளம், அங்கயும் அணுஉலை காம்பவுண்டுக்கு வெளிய காத்தாடி சுத்திக்கிட்டுதான் இருக்கு. அதனால அணுவா காத்தாங்குறது எங்க பக்கம் டீக்கடை சண்டை.

சண்டை எப்பவும் "எத்தனை பேர் செத்தான்"ல ஆரம்பிக்கும். அதுல அணுமின் ஆதரவாளர் கைதான் ஓங்கும், உண்மையச் சொல்லணும்ல. ஒரு டெராவாட் ஹவர், அதாவது நூறு கோடி யூனிட் கரண்டுக்கு எத்தனை உயிர்னு கணக்கு போட்டிருக்காங்க: நிலக்கரி கிட்டத்தட்ட 25, நீர்மின்சாரம் 1.3, காத்து 0.04, அணு 0.03, சோலார் 0.02. செர்னோபில், ஃபுகுஷிமா ரெண்டு அணுஉலை விபத்தையும் சேர்த்துதான் இந்த 0.03. 1975ல சீனாவுல பான்ச்சியாவ் அணை உடைஞ்சு செத்தவங்க பல பத்தாயிரம் பேர், அத யாரும் பேசுறதே இல்ல. ஆக சாவு கணக்குல காத்து, சோலார், அணு மூணும் ஏறக்குறைய ஒண்ணுதான், பயப்பட வேண்டியது நிலக்கரிக்கு.

ஆனா என் கேள்வி வேற. நிறுத்தினா நிக்குமா?

காத்தாடில கோளாறுன்னா பிரேக் போட்டா நின்னுரும், ஒருவேளை தீப்பிடிச்சாலும் அந்த ஒரு காத்தாடியோட போச்சு, மறுநாள் கீழ ஆடு மேயும். அணுஉலை அப்படி இல்ல. கூடங்குளத்துல ஒரு உலை 1000 மெகாவாட் கரண்டு குடுக்குதுன்னா உள்ள வெப்பம் 3000 மெகாவாட், கன்ட்ரோல் ராடு எல்லாத்தையும் உள்ள இறக்கி அணுப்பிளவ நிறுத்தின அந்த நிமிஷத்துலயும் ஆறேழு சதவீத வெப்பம் வந்துக்கிட்டே இருக்கும், அதாவது 200 மெகாவாட் கிட்ட. அது கொறையும்தான், ஆனா நாள்கணக்கா, மாசக்கணக்கா தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். கேஸ் அடுப்ப திருகி அணைக்கிற கதை இல்ல.

ஃபுகுஷிமால நடந்தது இதுதான். 2011 மார்ச் 11 நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கிட்டிருந்த உலை மூணும் சொன்னபடி தானா நின்னுச்சு. முக்கா மணி நேரம் கழிச்சு வந்த சுனாமி, கீழ்த்தளத்துல இருந்த டீசல் ஜெனரேட்டர்கள முக்கிருச்சு, பம்புக்கு கரண்டு இல்ல, மூணும் உருகிருச்சு. அதே சுனாமியில ஓனகாவா அணுமின் நிலையம் தப்பிச்சுது, ஏன்னா அத கட்டும்போதே மேட்டுல கட்டினாங்க, அக்கம்பக்கத்து ஊர்க்காரங்களே அங்க போய் தங்கினாங்க! நம்ம கல்பாக்கத்துலயும் 2004 சுனாமியப்போ பம்ப் ஹவுஸ்ல கடல்தண்ணி பூந்து உலைய பத்திரமா நிறுத்தினாங்க. அதனால அணுஉலைன்னாலே வெடிகுண்டுன்னு பேசுறவங்களோட நான் இல்ல. கூடங்குளத்துல கரண்டு போனாலும் காத்த வச்சே வெப்பத்த எடுக்குற ஏற்பாடு இருக்கு, உருகினா தாங்கிப் பிடிக்க அடியில தொட்டியும் இருக்கு.

சரி, எல்லாம் இருந்தும் நடந்துருச்சுன்னா காசு யாரு குடுப்பா? 2010ல போட்ட சட்டத்துல உலைய நடத்துறவங்க பொறுப்புக்கு உச்சவரம்பு 1500 கோடி ரூபாய்னு வச்சாங்க. ஃபுகுஷிமாவுக்கு ஜப்பான் அரசே 2016ல போட்ட மொத்தச் செலவு 21.5 லட்சம் கோடி யென். யென்ன ரூபாயாக்கி பாதிக்கு மேல கழிச்சாலும் இந்த 1500 கோடி எந்த மூலைக்கு? ஊரக் காலி பண்ணிட்டுப் போனவங்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல. கதிர்வீச்சுல செத்ததா அரசு ஒத்துக்கிட்டது ஒரே ஒரு தொழிலாளி, ஆனா அந்த அலைச்சல்லயும் முகாம்லயும் செத்தவங்க 2000 பேருக்கு மேல. சாவு கணக்கு மட்டும் பாத்தா வீடு, வயல், படகு போனதெல்லாம் அதுல வரவே வராது. கூடங்குளம் உலைய எதிர்த்துப் போராடின இடிந்தகரை சனங்க கேட்டதும் இதத்தான், அதுக்கு ஆயிரக்கணக்கான பேர் மேல தேசத்துரோக வழக்கு போட்டாங்க.

அதுக்காக ஓடுற உலைய மூடுன்னு சொல்ல மாட்டேன். ஜெர்மனிக்காரன் 2023 ஏப்ரல்ல கடைசி மூணு உலைய மூடினான், நிலக்கரிய வச்சுக்கிட்டே. எனக்கு அது தலைகீழா படுது. நான் சொல்றது புது உலை பத்திதான், கட்டி முடிக்கவே பத்து பன்னெண்டு வருஷம், எரிச்ச எரிபொருள நிரந்தரமா வைக்க இந்தியால இன்னும் ஒரு எடம் இல்ல, அந்தக் காச வேற எதுல போடலாம்னு யோசிக்கலாம்ல.

காத்தாடிக்கும் குறை இருக்கு. மே முதல் செப்டம்பர் வரைக்கும் வெளுத்து வாங்கும், சீசன் முடிஞ்சா படுத்துரும், சோலார் சாயங்காலம் எல்லாரும் லைட்டு போடுற நேரத்துல ஓஞ்சுரும். அதனால "காத்தும் வெயிலும் இருக்கே போதும்"னு சொல்றவங்க பாதிதான் சொல்றாங்க, மிச்ச பாதி சேமிப்பு. அதுக்கு பேட்டரிய மட்டும் நம்பி உக்கார வேண்டியதில்ல, ஆழியார் பக்கம் கடம்பாறைல 400 மெகாவாட் நிலையம் 1980கள்ல இருந்தே இருக்கு: கரண்டு மிச்சமா இருக்கும்போது தண்ணிய மேல அணைக்கு ஏத்தி வச்சுட்டு, தேவைப்படும்போது கீழ விட்டு கரண்டு எடுக்குறது. நீலகிரில குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி ஒண்ணுக்கு வேலை நடக்குது. கூடங்குளத்துல அடுத்த உலை எப்போன்னு கேக்குறவங்க இந்த குந்தா எப்போன்னும் கொஞ்சம் கேட்டா நல்லாருக்கும்.