தரைதட்டிய படகால் உருவான ஊர்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் ஜூலை மாதம் ராத்திரி பத்து மணிக்கும் வெயில் அடிக்கிறது. ஊரே தங்கத் திருவிழாவில் இருந்தது. ஒட்டுத்தாடி வைத்த ஆண்கள், தரையைக் கூட்டும் பாவாடையில் பெண்கள். சக்கரம் வைத்த சிறைக்கூண்டு ஒன்று தெருத்தெருவாக வருகிறது. விழா பேட்ஜ் குத்தாதவரைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். அபராதம் கட்டினால் விடுதலை. நான் முதல் வேலையாக பேட்ஜ் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் பயனியர் பார்க். ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கிய நூற்றாண்டுக்காக 1967-ல் அமைத்தது. செட் போட்ட ஊராக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, மரக்கட்டை வீடுகள் அத்தனையும் அசல். நகருக்குள் இருந்தவற்றைப் பெயர்த்து வந்து தெருவாக நிறுத்தியிருக்கிறார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இப்போது கைவினைப் பொருள் வியாபாரம். அந்த நூற்றாண்டு விழா ஆண்டின் ஆகஸ்டிலேயே சேனா ஆறு பெருகி நகரையும் இந்தப் பூங்காவையும் மூழ்கடித்ததாம்.

இந்த ஊர் பிறந்ததே அந்த ஆற்றால்தான். 1901-ல் பார்னெட் என்ற வியாபாரி சரக்கோடு மேலே போகப் பார்த்தார். தண்ணீர் போதவில்லை. கப்பல்காரர் அவரையும் மூட்டைகளையும் கரையில் இறக்கிவிட்டார். பார்னெட்டின் மனைவி அழுதாராம். நல்லவேளையாக, கப்பல் புகையை மலையிலிருந்து பார்த்துவிட்டு, தங்கம் தேடி அலைந்து மளிகை தீர்ந்துபோன ஃபெலிக்ஸ் பெட்ரோ என்ற இத்தாலியர் இறங்கி வந்தார். மறுவருடம் ஜூலையில் அவருக்குத் தங்கம் கிடைத்தது. பார்னெட் கரையில் போட்ட கடை ஊரானது.

தங்கம் எடுப்பது லேசான வேலையில்லை. இங்கே மண் பாறைபோல உறைந்து கிடக்கும். நீராவிக் குழாய்களை இறக்கி இளக்கி, குளிர்காலம் முழுக்கத் தோண்டிக் குவித்து, வசந்தத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அலசுவார்கள். நானும் ஒரு தட்டில் அலசிப் பார்த்தேன். மண் கரையக் கரைய அடியில் கறுப்பு மணல் தங்குகிறது, அதன் ஓரத்தில் கடுகில் பாதி அளவு மினுக்கு. மணிக்கட்டு விறைத்துப்போனது.

ஊர்வலத்தில் பெட்ரோ வேஷம் உண்டு. பார்னெட்டின் வங்கி 1911-ல் திவாலாகி, பணம் போட்டவர்கள் பரிதவித்ததையும், வழக்கு வெறும் ஆயிரம் டாலர் அபராதத்தோடு முடிந்ததையும் யாரும் நடித்துக் காட்டவில்லை. சிறைக்கூண்டுதான் தயாராக இருக்கிறதே, ஒரு பார்னெட்டைப் பிடித்துப் போட்டிருக்கலாம்.